பதினொன்றுக்கு ஒன்பது

மாத்தளை டவுனில் ரவூப் முதலாளியிடம் மிளகு விற்கப் போகிறவர்கள், கடைசியில் மேசைப்பந்து பற்றியும் நாலு விஷயம் தெரிந்துகொண்டுதான் திரும்புவார்கள். கராம்புச் சாக்குகளுக்கு நடுவே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மகள் அம்றா மாகாணப் போட்டியில் முதலாவதாக வந்த கதையை ஒவ்வொரு செட்டாக, கையை வீசி வீசிச் சொல்லுவார். கேட்கிறவன் பல்லேகமவிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி மிளகு கொண்டுவந்தவன் என்றால் இன்னும் வசதி. விலை பேசி முடியும்வரை பாவம் அவனால் எழும்பிப் போக முடியாது.

மனிதர் வாழ்நாளில் ஒரு தடவைகூட மட்டையைக் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் மகள் என்று வந்துவிட்டால் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. அம்றாவுக்குப் பதினாலு வயது. ஐந்து வருடமாக ஆடுகிறாள். போன வருடம் கிளப்பில் பழக்கும் றினோஸ் மாஸ்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குடுத்துட்டேன் ஹாஜியார். இனி வெளிநாட்டுல நல்ல இடமொண்டுல மூணு மாசம் நிண்டாத்தான் புள்ள மேல போவா." அன்றைக்குப் பிடித்தது ரவூபுக்கு அந்த வெளிநாட்டுப் பேய்.

இடம் தேடுகிற வேலை மனைவி கைறுன்னிஸாவின் தலையில் விழுந்தது. அவர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். ரவூபுக்கு ஆங்கிலத்தில் தெரிந்ததெல்லாம் கிலோவும் கொமிஷனும்தான். சென்னைக்கு எழுதினார்கள், இந்த வருடம் இடமில்லை என்று பதில் வந்தது. மலேசியாக்காரர்கள் உலகத் தரவரிசையில் பிள்ளை எத்தனையாவது என்று கேட்டார்கள். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். சீனாவிலிருந்து வந்த பதில் சீன மொழியிலேயே இருந்தது. போனில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தால், 'தங்கள் விருப்பத்துக்கு நன்றி, எத்தனை மேசை தேவை' என்று கேட்டிருந்தார்கள். பயிற்சி நிலையம் என்று நினைத்து மேசை செய்கிற கம்பனிக்கு எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதையை மட்டும் ரவூப் யாருக்கும் சொல்லவில்லை.

கடைசியில்தான் ஜேர்மனி வந்தது. அங்கே ஒரு சின்ன ஊரிலுள்ள பயிற்சி நிலையம், வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருடத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து மூன்று மாதம் பழக்குகிறது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஐந்து செட் ஆட்டம் ஒன்றை முழுதாக, இடையில் ஒரு இடமும் வெட்டாமல் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எதிராளி பிள்ளைக்குச் சமமானவளாக இருக்க வேண்டும்.

மாத்தளையில் அம்றாவுக்குச் சமமாக ஆட ஒரே ஒருத்திதான் இருந்தாள். சுரேகா.

சுரேகாவின் அப்பா யோகராஜ் ரவூபின் ஸ்டோரில் பதினொரு வருடமாக வேலை செய்கிறவர். கராம்பு காயவைப்பது, சாதிக்காய் தரம் பிரிப்பது எல்லாம் அவர் கைதான். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாலு வருடத்துக்கு முன்பு பள்ளிக்கூட விடுமுறையொன்றில் மகளையும் கூட்டிவந்திருந்தார். அம்றாவுக்குப் பந்து எடுத்துப்போட ஆள் தேவைப்பட்டது. பந்து பொறுக்கப் போன பிள்ளை இரண்டு வாரத்தில் மட்டையைப் பிடித்தாள். இரண்டு வருடத்தில் அம்றாவை வெல்ல ஆரம்பித்தாள். இப்போது வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் இரண்டு அவளுக்குத்தான். அவளுடைய பள்ளிக்கூடத்தில் மேசைப்பந்துக் குழு கிடையாது. அதனால் அவள் பெயர் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. கிளப் ஹாலுக்கு வெளியே இப்படி ஒரு பிள்ளை இருப்பது யாருக்கும் தெரியாது. "நான்தான் அந்தப் புள்ளய ஆளாக்கினது" என்று ரவூப் சொல்லிக்கொள்வார். அவள் அம்றாவை வெல்லுவதை மட்டும் சொல்லமாட்டார்.

படம் பிடிக்கிற சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவின் வேலை முடியக் காத்திருந்த சுரேகாவை ரவூப் ஸ்டோருக்குப் பின்பக்கம் கூப்பிட்டார். யோகராஜ் முன்னால் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழம வீடியோ எடுக்கிற. தெரியுந்தானே மகள்?"

"தெரியுங்க மொதலாளி."

"அம்றாட எதிர்காலமே அதுலதான் ஈக்கு."

ரவூப் ஒரு சாதிக்காயைக் கையில் எடுத்து உருட்டினார். வேலைக்காரர்களிடம் எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் அவருக்கில்லை. அரைவாசி சொல்லுவார், மிச்சத்தை அவர்களே புரிந்துகொள்ள வேண்டும். "நீ நல்லா ஆடோணும். சும்மா தோத்தா வெள்ளக்காரன் புடிச்சிருவான். இழுத்துப் புடிச்சு ஆடி, கடைசியில..."

"கடைசில விட்டுடணுங்களா?"

"நான் விடச் சொல்லல்ல மகள். கொஞ்சம் பாத்து ஆடு எண்டுதான் சொல்றேன்."

"மூணுக்கு ரெண்டுங்களா மொதலாளி?"

"மூணுக்கு ரெண்டு நல்லந்தான்."

கடையில் சாமான் வாங்கிவரச் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோலச் சுரேகா தலையாட்டினாள். "அப்பாக்குச் சொல்ல வாணாம்" என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

அன்று மாலை முழுவதும் ரவூப் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு இதில் என்ன நட்டம்? அவள் ஜேர்மனிக்குப் போகப் போகிறாளா? பெற்றவன் பிள்ளைக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? நியாயங்கள் நிறையவே இருந்தன. அத்தனை நியாயம் தேவைப்பட்டபோதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை யோகராஜுக்கு ஸ்டோரில் லொறி ஏற்றுகிற வேலை கொடுத்துவிட்டு ரவூப் ஹாலுக்குப் போனார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று புதுச் சட்டை வாங்கியிருந்தார். அம்றாவுக்கு வெள்ளை நீளக் கை, சுரேகாவுக்குப் பச்சை. றினோஸ் மாஸ்டர் போனை ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடித்தார்.

என்ன ஆட்டம்! முதல் செட் சுரேகாவுக்கு, இரண்டாவது அம்றாவுக்கு, மூன்றாவது சுரேகாவுக்கு, நான்காவது அம்றாவுக்கு. ஐந்தாவது செட் ஒன்பதுக்கு ஒன்பதில் வந்து நின்றபோது ரவூப் எழுந்தே நின்றுவிட்டார். தான் சொன்னதை அந்த நேரத்தில் உண்மையாகவே மறந்துபோய், "கமோன் மகள்!" என்று கத்தினார். சுரேகாவின் பந்து ஒன்று மேசையைத் தாண்டி விழுந்தது. அடுத்ததும் தாண்டி விழுந்தது. பதினொன்றுக்கு ஒன்பது.

அம்றா மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "வாப்பா, சுரேகாவ அஞ்சு செட்டுல வின் பண்ணிட்டேன் வாப்பா!" அழுதுகொண்டே சிரித்தாள். மாகாணக் கிண்ணம் வாங்கிய அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அங்கே வென்றவர்களெல்லாம் வேறு ஆட்கள், சுரேகாதான் தன்னுடைய பரீட்சை என்பது அவளுக்குத் தெரியும். றினோஸ் மாஸ்டர் "நல்லா இருந்திச்சு" என்று மட்டும் சொல்லி, ஸ்டாண்டை மடித்துப் பையில் வைத்தார். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டில் வட்டிலப்பம் அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். வீடியோ ஜேர்மனிக்குப் போனது. அம்றா அதைத் தன் போனிலும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த இரண்டு புள்ளியில் தான் எதைச் சரியாகச் செய்தாள் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். "இந்த சேர்வ்தான் வாப்பா அவவ குழப்பிருக்கு, பாருங்க" என்று காட்டுவாள். ரவூப் பார்ப்பார். "ஓம் மகள், அதுதான்" என்பார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விடுவார். ஒரு மாதத்தில் எத்தனை தடவைதான் ஒரு மனிதன் முகம் கழுவுவது?

பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மூன்று பேரும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கைறுன்னிஸாவின் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தவர், "ஜேர்மனி!" என்று எழுந்தேவிட்டார்.

"வாசிங்க உம்மா, வாசிங்க!" அம்றா துள்ளினாள்.

கைறுன்னிஸா வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். வீடியோவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மூன்று பயிற்றுநர்கள் உட்கார்ந்து பார்த்தார்களாம். "வெள்ளச் சட்ட போட்ட பிள்ளட கால் வேகம் நல்லா இருக்காம்." அம்றா வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "ஆனா... பச்சச் சட்ட போட்ட பிள்ளயப் பத்தித்தான் கூடக் கேக்க விரும்புறாங்களாம்."

"சுரேகாவப் பத்தியா?"

"ம். அந்தப் பிள்ள பந்த எங்க வைக்க நினைக்கிறாவோ அங்கயே வைக்கிறாவாம். ரெண்டாவது செட்டுலயும் நாலாவதுலயும் வேணுமெண்டே பந்த விட்டிருக்கிறாவாம். கடைசி ரெண்டு பந்தும் மேசைக்கு ரெண்டு விரல் வெளிய விழுந்திருக்கு. மேசையில போடுறத விட அப்பிடிச் சரியா வெளிய போடுறது கஷ்டமாம். அதச் செய்யிற பிள்ள அவங்ககிட்டயே இல்லயாம்..." கைறுன்னிஸாவின் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. ஆனாலும் டீச்சர் இல்லையா, தொடங்கிய பத்தியை முடிக்காமல் நிறுத்தத் தெரியவில்லை. "யாரும் தோக்கச் சொல்லாத ஒரு நாள்ல அந்தப் பிள்ள ஆடுறதப் பாக்கோணுமாம். வெள்ளச் சட்ட பிள்ளயப் பத்தி இந்த ஆட்டத்த வச்சு ஒண்டும் சொல்ல ஏலாதாம். ரெண்டு வாரத்துக்குள்ள ரெண்டு பேரும் உண்மையா ஆடுற புது வீடியோ அனுப்பினா, ரெண்டு பேரையுமே யோசிப்பாங்களாம்."

ரவூப் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டேயிருந்தார். எங்கேயோ ஐயாயிரம் மைலுக்கு அப்பால் மூன்று வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து தன் ஸ்டோரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டதுபோல இருந்தது அவருக்கு. வெள்ளைக்காரன் வென்றவளை மட்டுந்தான் பார்ப்பான் என்று நினைத்திருந்தாரே!

"வாப்பா, நீங்க அவகிட்ட சொன்னீங்களா?" அம்றா கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. அவர் வாயில் வந்தது வேறு. "நானா? எனக்கென்ன பைத்தியமா? அந்தப் புள்ளதான் என்னவோ நெனச்சு விட்டிருக்கு. இப்ப பாரு, நம்மட மானத்த வாங்கிட்டா."

சொன்ன உடனே தெரிந்துவிட்டது, இது முதலில் செய்ததைவிடக் கேவலம் என்று. கைறுன்னிஸா அவரை நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு வருடம் கூட இருந்தவருக்கு அந்தக் குரல் தெரியாதா? அம்றா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அம்றா போய்க் கேட்பதற்கு முன்பே சுரேகாவின் வாயை அடைக்க வேண்டும். ரவூபின் மண்டைக்குள் அப்போது வேறொன்றும் இருக்கவில்லை. கை கழுவிய கையோடு வேனை எடுத்துக்கொண்டு இரத்தோட்டைக்குக் கிளம்பினார். வழியெல்லாம் என்ன சொல்லுவதென்று ஒத்திகை பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில், ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதன், ஒரு சின்னப் பிள்ளையிடம் தனக்காகப் பொய் சொல்லும்படி கேட்கப் போகிறோம் என்று நினைத்தபோது வேனைத் திருப்பிவிடலாம் போலிருந்தது. திருப்பவில்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் வேன் நின்றதும் யோகராஜ் மடித்துக்கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். பதினொரு வருடத்தில் முதலாளி இந்த வாசலை மிதித்ததில்லை. வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்க மொதலாளி, இந்தா வந்துட்டேன்" என்று பிஸ்கட் வாங்கக் கடைக்கு ஓடினார். சுரேகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

ரவூப் குரலைத் தாழ்த்தினார். "மகள், அம்றா உனக்கிட்ட ஏதும் கேட்டா..."

"கேட்டுருச்சுங்க மொதலாளி. இப்பதான் போன் பண்ணுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நானாத்தான் விட்டேன்னு சொல்லிட்டேன். பாவமா இருந்துச்சு, அதான் விட்டேன்னு சொன்னேன். ஒங்க பேரு சொல்லலைங்க."

"அவ என்ன சொன்னா?"

"இனிமே எங்கூட பேசாதன்னு சொல்லிட்டு வச்சிருச்சு." சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ரவூபுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன பயன்? அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அந்த நிம்மதியை அவரே கண்டுகொண்டபோதுதான் உடம்பெல்லாம் கூசிப்போனது. இவள் இன்னொரு தடவையும் தனக்காகத் தோற்றிருக்கிறாள். இந்தத் தடவை அவர் கேட்கக்கூட இல்லை.

"புது வீடியோ கேட்டிருக்காங்களாம், அம்றா சொல்லுச்சு" என்றாள் சுரேகா. "அதுல எப்பிடிங்க மொதலாளி ஆடணும்? இந்த வாட்டி அவங்களுக்குத் தெரியாத மாதிரி விட முடியுமான்னு தெரியலீங்க."

அவள் கிண்டல் பண்ணவில்லை. முகத்தில் உண்மையான கவலைதான் இருந்தது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்யத் தவறிவிட்டோமே என்கிற கவலை. ரவூபால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யோகராஜ் பிஸ்கட் பக்கெட்டோடு மூச்சு வாங்க வந்தார். "ஜேர்மனில இருந்து பதில் வந்துச்சுங்களா மொதலாளி? நம்ம அம்றா பாப்பாக்கு கெடைச்சிருச்சுங்களா?"

"பதில் வந்திச்சு" என்றார் ரவூப். பிறகு, தன்னையறியாமலே, "சுரேகாவப் பத்தியும் எழுதி ஈக்காங்க" என்றார்.

"எம்புள்ளயப் பத்தியா? என்னாங்க எழுதியிருக்காங்க?"

ஊரெல்லாம் தன் மகள் பெருமையைச் செட் செட்டாகச் சொன்ன வாய், அன்றுதான் முதல் தடவையாக இன்னொருவன் பிள்ளையின் பெருமையைச் சொன்னது. பந்தை எங்கே வைக்க நினைக்கிறாளோ அங்கேயே வைக்கிறாள் என்று எழுதியிருப்பதைச் சொன்னார். மூன்று பயிற்றுநர்கள் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னார். யோகராஜ் பிஸ்கட்டை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிட்டார். "இன்னொருக்கா சொல்லுங்க மொதலாளி" என்றார். ரவூப் திரும்பவும் சொன்னார்.

"அவ்வளவுதாங்களா?"

இன்னும் ஒரு வரி இருந்தது. அதை விழுங்கிவிடலாம். யோகராஜுக்குப் பின்னால் நின்ற சுரேகா, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். அவரைக் காப்பாற்றத்தான் ஆட்டினாள். அதுதான் ரவூபை உடைத்தது.

"யாரும் தோக்கச் சொல்லாத நாள்ல இவ ஆடுறதப் பாக்கோணும் எண்டும் எழுதி ஈக்காங்க."

யோகராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. "தோக்கச் சொன்னாங்களா? யாருங்க சொன்னது?"

"நான்தான் யோகராஜ்."

யோகராஜ் அவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். "கைக்கு வந்தத விட்டுட்டு வந்துட்டியேன்னு ரெண்டு நாளு இவகிட்ட பேசாம இருந்தேங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் ரவூபுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். யோகராஜ் கோப்பையைக் காட்டி, "டீ ஆறுதுங்க மொதலாளி" என்றார்.

ரவூப் தேத்தண்ணியைத் தொடவில்லை. கதிரையை விட்டு எழுந்து, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நின்றபடியே அம்றாவுக்குப் போன் போட்டார்.

"மகள், சுரேகா உனக்கிட்ட சொன்னது பொய். அவளா விடல்ல. நான்தான் விடச் சொன்னேன். காலயில உனக்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வாப்பா என்றாவது ஒரு தடவை கூப்பிடமாட்டாளா என்று காத்திருந்தார்.

"போன சுரேகாகிட்ட குடுங்க" என்றாள் அம்றா.

கொடுத்தார். சுரேகா போனை வாங்கிக்கொண்டு வெளியே தண்ணீர் பிடிக்கிற பைப்படிப் பக்கம் போனாள். அங்கே அவள் பேசியது துண்டு துண்டாகத்தான் கேட்டது. "அழாத." "இல்ல, கோவமில்ல." பிறகு கொஞ்சம் சத்தமாக, "சரி, சனிக்கெழம வாறேன். ஆனா சொல்லிட்டேன், ஒரு பாயின்ட்டும் விடமாட்டேன்."

ரவூப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோகராஜ், பதினொரு வருடமாகப் பேசுகிற அதே மரியாதையோடு பேசினார்.

"வாற சனிக்கெழம எனக்கு லீவு தருவீங்களா மொதலாளி? புள்ள ஆடுறத நா இன்னும் பாத்ததே இல்லீங்க."

சரி என்று சொல்லவும் ரவூபுக்கு வெட்கமாக இருந்தது.